நெல்லை வீட்டுச் சாப்பாட்டை விடாமல் எடையைக் குறைக்க வழி உண்டா?

சமாதானபுரம் டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 44. பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருக்கிறேன். உயரம் 156 செ.மீ., எடை 74 கிலோ, இடுப்புச் சுற்றளவு 96 செ.மீ. சென்ற மாதம் எடுத்த பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1 விழுக்காடு என்று வந்தது. அதைப் பார்த்த மருத்துவர், இது இன்னும் நோய் ஆகவில்லை, நோய்க்கு முந்திய படி, இப்போது எடையைக் குறைத்தால் திரும்பிவிடலாம் என்றார். எப்படிக் குறைப்பது என்று நான் கேட்பதற்குள் அடுத்தவருடைய டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் முயலாமல் இருந்தவள் அல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன், எங்கள் தெருவுக்கு அருகே இருந்த ஓர் இடத்தில் சத்துமாவு என்று சொல்லி விற்ற பொடியை வாங்கி, காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கரைத்துக் குடித்தேன். இரண்டு மாதத்தில் 6 கிலோ குறைந்தது. தலைவாரும்போது சீப்பில் முடி கொத்தாக வந்ததால் பயந்து நிறுத்தினேன். அடுத்த ஐந்து மாதத்தில் 7 கிலோ ஏறியது. பிறகு இரவில் மூன்று சப்பாத்தி என்று மாற்றினேன், முள் அசையவில்லை. கடைசியாகச் சோற்றை அறவே நிறுத்திப் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் வகுப்பில் காரணமே இல்லாமல் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தபோது, இதுவும் நமக்கு ஆகாது என்று தெரிந்துவிட்டது.

வீட்டில் நான்கு பேர். கணவர், கல்லூரியில் படிக்கும் மகன், 71 வயது அத்தை, நான். அத்தைக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கென்று தனி உலை வைக்க நேரமும் இல்லை, மனமும் இல்லை. இட்லி, தோசை, சோறு, புளிக்குழம்பு, அவியல் என்று நம் வீடுகளில் நடக்கும் இந்தச் சமையலுக்குள் நின்றுகொண்டே, தெரிந்து தேர்ந்து சாப்பிட்டுக் குறைக்க முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

முக்கூடல் அண்ணாச்சி

டீச்சர், மனம் தளர வேண்டாம். எனக்கு 58 வயது. 91 கிலோவில் இருந்து 83 வரை இறங்கியிருக்கிறேன். என் முறையைச் சொல்கிறேன். வெள்ளைச் சர்க்கரையை வீட்டை விட்டே வெளியேற்றினேன், காப்பிக்கும் கருப்பட்டிதான். காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும். வாரம் இரண்டு நாள் கொள்ளு ரசம். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. அதிகாலையில் ஆற்றுப்பாலம் வரை போய்த் திரும்பி நடக்கிறேன். நம்மூர்ச் சாப்பாட்டில் கேடு இல்லை, நாம் அதைவிட்டு விலகியதில்தான் கேடு என்பது என் கருத்து.

ஆற்றங்கரை உணவியலாளர்

டீச்சர் அக்கா, நான் பதினான்கு ஆண்டுகளாக மருத்துவமனைகளில் உணவியலாளராக வேலை பார்க்கிறேன். உங்களுடைய மூன்று முயற்சிகளும் தோற்றதற்கு ஒரே காரணந்தான் தெரிகிறது. எதை நிறுத்துவது என்று மூன்று தடவையும் யாரோ சொன்னார்கள். உங்கள் வீட்டில் எது எவ்வளவு உள்ளே போகிறது என்று ஒரு தடவையும் யாரும் அளந்து பார்க்கவில்லை. சப்பாத்தியையே எடுத்துக்கொள்வோம். 100 கிராம் அரிசியிலும் 100 கிராம் கோதுமை மாவிலும் இருக்கும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான், 350-ஐ ஒட்டி வரும். கோதுமையில் நாரும் புரதமும் சற்றுக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் மூன்று சப்பாத்திக்கு மூன்று தடவை எண்ணெய் விட்டு, தேங்காய் அரைத்த குருமாவும் தொட்டுக்கொண்டால், நீங்கள் விட்ட சோற்றைவிட அந்த இரவு கனமாகிவிடுகிறது.

இது உங்கள் ஒருவருடைய பிரச்சினை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் எடை மிகுந்தவர்கள் 2015–16-இல் 30.9 விழுக்காடு, 2019–21-இல் 40.4 விழுக்காடு. நான்கைந்து ஆண்டில் இத்தனை பெண்கள் திடீரென்று சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று நான் நம்பமாட்டேன். எண்ணெய் கைக்கெட்டும் விலைக்கு வந்தது, பொட்டலத் தீனி தெருமுனை வரை வந்தது, உடலுழைப்பு குறைந்தது. உலை அரிசியின் அளவு மட்டும் பழையபடியே இருந்துவிட்டது.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு நாள் தட்டு கொடுக்கப்பட்டிருக்கிறது. 2000 கலோரிக்கு அந்தக் கணக்கு இப்படி வரும்: தானியம் 250 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85, காயும் கீரையும் 400, பழம் 100, பால் அல்லது தயிர் 300 மி.லி., கடலை போன்ற கொட்டைகளும் வித்துகளும் 35, எண்ணெய் 27. தானியமும் பருப்பும் சமைக்காத எடை. தானியத்தில் இருந்து வரும் ஆற்றல் மொத்தத்தில் 45 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறார்கள். நம் வீடுகளில் அது எளிதாக 60-ஐத் தொட்டுவிடும்.

எனவே இப்போது எதையும் நிறுத்தாதீர்கள். ஒரு வாரம் வழக்கம்போலச் சமைத்து, அரிசி, பருப்பு, எண்ணெய், தேங்காய், சர்க்கரை, காய் ஆகிய ஆறையும் மட்டும் அளந்து எழுதுங்கள். மளிகைச் சீட்டை எடுத்து, மாதச் செலவை நான்கு பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தாலே பாதி தெரிந்துவிடும்.

கல்லிடைக்குறிச்சிக்காரன்

அளக்கத் தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இழையில் ஒரு பெரியவர் மாத்திரை எடுப்பதாகச் சொல்லப்பட்டிருக்கிறது. என் அப்பாவுக்கும் சர்க்கரை உண்டு. எதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டை விட்டால் எடை குறையும் என்று முடிவு செய்து, மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். இரவு இரண்டு மணிக்கு அம்மா எழுப்பியபோது பனியன் முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது, கை நடுங்கியது, என்னையே யார் என்று கேட்டார். சர்க்கரை பார்க்கும் கருவியில் 48 என்று மிகக் குறைவாகக் காட்டியது. தண்ணீரில் மூன்று கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தபோது 80-ஐத் தாண்டியிருந்தது. அந்தக் கால் மணி நேரத்தை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை.

ஆற்றங்கரை உணவியலாளர்

மிக முக்கியமான பதிவு, தம்பி. சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளையும் இன்சுலினையும் எடுப்பவர்கள் வேளைச் சாப்பாட்டை விடவே கூடாது. சாப்பாட்டின் அளவைக் குறைப்பதாக இருந்தாலும், மருந்தின் அளவையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். டீச்சர் அக்கா, அத்தைக்கும் இதைப் புரியும்படி சொல்லிவிடுங்கள். நினைவு தடுமாறி விழுங்க முடியாத நிலையில் இருப்பவருடைய வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

வள்ளியூர் அம்மா

என் மகளுக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தால் எடை போட்டுவிடும் என்று சொல்லி வேண்டாம் என்கிறாள். அவளும் இப்படி அளந்து சாப்பிடலாமா?

ஆற்றங்கரை உணவியலாளர்

பால் கொடுக்கும் தாய் எடைக்காக வயிற்றைக் கட்டக் கூடாது, அம்மா. இந்தக் காலத்தில் உடல் கூடுதலாகத்தான் கேட்கும். உளுந்தங்களியைத் தாராளமாகக் கொடுங்கள். நல்லெண்ணெயை மட்டும் குழி நிரம்ப ஊற்றாமல் இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பருப்பும் கீரையும் மீனும் நன்றாகச் சாப்பிடட்டும். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சமாதானபுரம் டீச்சர்

ஒரு வாரம் அளந்து முடித்தேன். எழுதுவதற்கே கை கூசுகிறது, ஆனாலும் உள்ளபடி எழுதுகிறேன்.

முதல் நாள் வெண்டைக்காய் வதக்கும்போது, வழக்கம்போல எண்ணெய்த் தூக்கைச் சாய்த்து, சட்டியில் விடாமல் ஒரு டம்ளரில் விட்டேன். என் கைக்கு எவ்வளவு சரியென்று பட்டதோ அவ்வளவு விட்டு நிறுத்தினேன். பிறகு அதை மகனுடைய பழைய இருமல் மருந்தின் மூடியில் ஊற்றி அளந்தேன். 10 மி.லி. கோடு வரை நான்கு மூடி வந்தது. ஒரு பொரியலுக்கு 40 மி.லி.! இருபது ஆண்டுகளாக இதே கைதான் ஊற்றிக்கொண்டிருக்கிறது. அத்தை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, ‘எங்க காலத்துல இது ரெண்டு நாளைக்கு வரும்’ என்று மட்டும் சொன்னார்கள்.

மாதக் கணக்கு இது. கடலை எண்ணெய் 3 லிட்டர், நல்லெண்ணெய் 1 லிட்டர், சமையலுக்குத் தேங்காய் எண்ணெய் அரை லிட்டர், நெய் அரைக் கிலோ. வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம். எங்கள் வீட்டு உழக்கில் அரிசியைத் தலைதட்டி எடுத்து நிறுத்தபோது 260 கிராம் இருந்தது. மதியத்துக்கு இரண்டு உழக்கு, அதாவது ஆளுக்கு 130 கிராம். மாவுக்கு ஊறப்போடும் இட்லி அரிசி ஒரு நாள் செலவுக்கு 500 கிராம். அது ஆளுக்கு 125. இரண்டும் சேர்ந்து 255. இட்லியும் அரிசிதான் என்பது தெரியாதவள் அல்ல நான். ஆனால் இத்தனை நாளும் ‘மத்தியானம் மட்டும்தான் சோறு சாப்பிடுகிறேன்’ என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

துவரம்பருப்பு மாதம் இரண்டரைக் கிலோ, ஆளுக்கு 21 கிராம். மாவில் போடும் உளுந்தில் இருந்து ஆளுக்கு 31. தேங்காய் ஒரு நாளைக்கு ஒன்று உடைக்கிறோம். காலைச் சட்னிக்குத் துருவிய அரை மூடி... மன்னிக்கவும், ஒரு மூடித் துருவல் 110 கிராம் இருந்தது. மற்ற மூடி குழம்புக்கும் பொரியலுக்கும் போகிறது. சர்க்கரை எனக்கு மட்டும், ஐந்து காப்பியில், ஏறக்குறைய 40 கிராம். காய் நான்கு பேருக்கும் சேர்த்து 700 கிராம். அதிலும் இரண்டு நாள் உருளைக்கிழங்கும் ஒரு நாள் சிறுகிழங்கும்.

ஆற்றங்கரை உணவியலாளர்

அக்கா, கூசுவதற்கு இதில் ஒன்றுமே இல்லை. இந்தப் பட்டியலை எந்தப் பாளையங்கோட்டை வீட்டில் எழுதச் சொன்னாலும் ஏறக்குறைய இதுதான் வரும். எழுதியவர்கள்தான் குறைவு.

இப்போது பாருங்கள். 255 கிராம் அரிசி 890 கலோரி. எண்ணெயும் நெய்யும் கிராமுக்கு 9 வீதம் 340. தேங்காய்த் துருவல் 100 கிராமுக்கு 350 அளவில் இருக்கும் என்பதால் உங்கள் பங்கு 190-க்கு மேல். காப்பிச் சர்க்கரை 160. பருப்பு, பால், காய் எல்லாம் சேர்த்தால் மொத்தம் 2000-ஐ நெருங்குகிறது, மாலை நேரத் தீனி இதில் சேரவில்லை. உங்கள் வயதுக்கும் உயரத்துக்கும் வேலைக்கும், இருக்கிற எடை அப்படியே நிற்க ஏறக்குறைய 1850 முதல் 1900 வரை போதும். எனவே 1450-ஐ ஒட்டி இலக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7700 கலோரி அடங்கியிருப்பதால், நாளொன்றுக்கு 400, 450 குறைத்தால் வாரத்துக்கு 400 கிராம் அளவில் இறங்கும். பொடி குடித்த காலத்தோடு ஒப்பிட்டால் இது நத்தை வேகமாகத் தோன்றும். ஆனால் மிக விரைவாக இறங்கும் எடையில் தசையும் சேர்ந்து போகிறது, பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பும் கூடுகிறது. உங்களுக்கு முடி கொட்டியதும் அந்த வேகத்தின் விளைவாகவே இருக்க வேண்டும்.

எங்கே குறைப்பது? முதலில் சர்க்கரை, அதில் வயிறு நிறைவதே இல்லை என்பதால் விட்டாலும் பசி தெரியாது. ஐந்து காப்பியை மூன்றாக்கி, ஒவ்வொன்றிலும் போடும் இரண்டு கரண்டியில் வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். நாக்கு மூன்று நான்கு வாரத்தில் பழகிவிடும். அடுத்தது எண்ணெய். பொரியலுக்கு 40 மி.லி. என்பதை 15 ஆக்குங்கள். வெண்டைக்காயை வெட்டி நிழலில் உலர்த்தி, இரும்புச் சட்டியில் சிறு தீயில் வதக்கினால் 15 மி.லி. தாராளமாகப் போதும். புடலை, கொத்தவரை, அவரையை முதலில் வேகவைத்துப் பிறகு தாளியுங்கள். மூன்றாவது தேங்காய். நாளுக்கு ஒரு தேங்காய் என்பதை அரைத் தேங்காய் ஆக்கி, சட்னி ஒருநாள் தேங்காயிலும், அடுத்த நாள் தக்காளியிலும், அதற்கடுத்த நாள் மல்லித்தழையோடு கடலைப்பருப்பு வறுத்தும் அரையுங்கள்.

அரிசியைக் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சோற்றைக் குறைத்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விட்டால் நான்கு மணிக்குப் பசி வந்து கையை முறுக்கு டப்பாவுக்குள் கொண்டுபோய்விடும். அதனால் அரிசியை 255-இல் இருந்து 170-க்கு இறக்கும் அதே நாளில் பருப்பையும் காயையும் ஏற்றியாக வேண்டும். சாம்பாரைத் தண்ணீராக வைக்காமல் கெட்டியாக வையுங்கள். வாரம் மூன்று நாள் பாசிப்பயறோ தட்டப்பயறோ சுண்டல் செய்யுங்கள். அண்ணாச்சி சொன்ன கொள்ளும் இந்த வரிசையில் முதல் தரமானது. காயை 175-இல் இருந்து 350-க்குக் கொண்டுபோங்கள், கிழங்கை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சிறுகிழங்கு நம் மண்ணின் பெருமை, தையில் சாப்பிடாமல் இருக்க முடியாது; சாப்பிடுகிற அன்று சோற்றில் ஓர் அகப்பையைக் குறைத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். நம்முடைய உளுந்தஞ்சோறு இருக்கிறதே, தோலுளுந்தும் அரிசியும் பூண்டும் சேர்த்துப் பொங்குவது, அதைவிட நல்ல ஏற்பாட்டை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அரிசியின் பங்கைக் குறைத்து உளுந்தைக் கூட்டிப் போடலாம். எள்ளுத் துவையலை மட்டும் நெல்லிக்காய் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கூடல் அண்ணாச்சி

தங்கச்சி விளக்கமாக எழுதியதற்கு நன்றி. ஆனால் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னவர் கருப்பட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே! உடன்குடிக் கருப்பட்டியில் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் இருக்கிறது. அதையும் வெள்ளைச் சர்க்கரையையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நியாயமா?

ஆற்றங்கரை உணவியலாளர்

அண்ணாச்சி, சுவையிலும், பனையேறிகளின் உழைப்பிலும் இரண்டும் ஒன்றாகாது. என் அம்மாவைப் பெற்ற ஆச்சியின் வீட்டில் பதநீர் காய்ச்சிய மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஆனால் எடைக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் என்று வரும்போது, கருப்பட்டியின் பெரும்பகுதியும் அதே சர்க்கரைதான். கலோரியும் ஏறக்குறைய அதே அளவு. தாதுச்சத்து இருப்பது உண்மை. ஒரு நாளைக்கு வேண்டிய இரும்பைக் கருப்பட்டியில் இருந்தே பெற வேண்டும் என்றால் எவ்வளவு தின்ன வேண்டியிருக்கும் என்று யோசியுங்கள். ஒரு பிடி முருங்கைக்கீரையும் பருப்பும் அதைவிடக் குறைந்த கலோரியில் இரும்பைத் தரும். சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி என்று மாற்றுவதில் பிழை இல்லை. கருப்பட்டி என்பதால் அளவு வேண்டாம் என்று நினைப்பதில்தான் பிழை. சர்க்கரை நோயாளிகள் பலர் அந்த நம்பிக்கையில் தினமும் மூன்று வேளை கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு, ஏன் இறங்கவில்லை என்று என்னிடம் வந்து வருத்தப்பட்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னபடி, இப்படிச் சேர்க்கும் இனிப்பு எல்லாமே மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரிக்கு முன்னது 50 கிராம், பின்னது 25 கிராம். தேனும் இந்தக் கணக்கில் உண்டு.

பழைய சோற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கு எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. அது குடலுக்கு நல்லது. ஆனால் அந்தப் பங்கு சிறியது. உங்களுக்கு எடை குறைந்ததற்கு, நான்கு தோசையும் தேங்காய்ச் சட்னியும் இருந்த இடத்தில் ஒரு கும்பா நீராகாரமும் கொஞ்சம் சோறும் வந்ததே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். தொட்டுக்கொள்ள என்ன வைத்துக்கொள்கிறீர்கள்?

முக்கூடல் அண்ணாச்சி

வெங்காயமும் பொரித்த மோர்மிளகாயும், சில நாள் கருவாடும். எனக்கு இரத்தக் கொதிப்பும் உண்டு என்பதை முன்பு சொல்லவில்லை. நீங்கள் ஏன் கேட்கிறீர்கள் என்று இப்போது புரிகிறது. உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் என்று மருத்துவரும் சொல்லியிருக்கிறார். மோர்மிளகாயை விட்டு வெங்காயமும் பச்சைமிளகாயும் ஆக்கிக்கொள்கிறேன். கருப்பட்டியையும் நிறுத்துப் பார்க்கிறேன்.

உவரிக் கரை

கடற்கரைக்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். எடை குறைக்க வேண்டும் என்றதும் நம் ஆட்கள் மீனை நிறுத்திவிடுகிறார்கள், அது எனக்கு மிகுந்த வருத்தம். சாளையும் நெத்திலியும் விலை மலிவு, புரதம் நிறைய, அவற்றில் இருக்கும் கொழுப்பும் இதயத்துக்கு நல்ல வகை. சாளை விலை போகாத மீன் என்று ஒதுக்குவதை விடுங்கள். கெடுப்பது மீன் அல்ல, மாவு தடவி எண்ணெயில் முக்குவதுதான். எங்கள் வீட்டில் நெத்திலியைக் குழம்பு வைப்போம். அல்லது மண்சட்டியில் மிளகும் பூண்டும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்டு, ஒரு கரண்டி எண்ணெயில் அவித்துப் புரட்டி எடுப்போம். தேங்காய் அரைத்த குழம்பு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும், மற்ற நாளில் புளியும் தக்காளியுமே போதும்.

ஜங்ஷன் விற்பனைப் பிரதிநிதி

வீட்டில் சமைப்பவர்களுக்கு இதெல்லாம் சரி. நான் மாதத்தில் இருபது நாள் தென்காசி, சங்கரன்கோவில், திசையன்விளை என்று வண்டியிலேயே இருக்கிறேன். இரவு பத்து மணிக்கு நம் பக்கத்தில் பரோட்டாவையும் சால்னாவையும் தவிர என்ன கிடைக்கும்? பையில் சிறுதானிய பிஸ்கட் வைத்திருக்கிறேன், இனிப்புக்குச் சர்க்கரையில்லா மாத்திரை போடுகிறேன். 31 வயதில் 88 கிலோ.

ஆற்றங்கரை உணவியலாளர்

தம்பி, இப்போதே அந்த பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் சேர்மானங்களை எடையின் இறங்குவரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது விதி. முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, மூன்றாவது பாமாயில் என்று இருந்து, கேழ்வரகு ஏழாவதோ எட்டாவதோ இடத்தில் வந்தால், முன்பக்கத்துக் கதிர் படத்துக்கு ஒரு பொருளும் இல்லை. குளுக்கோஸ் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின் என்பனவும் சர்க்கரை வீட்டு உறவினர்கள்தான். சத்துப் பட்டியலில் ‘ஒரு பரிமாறும் அளவு’ என்ற கட்டத்தை விட்டுவிட்டு 100 கிராமுக்கான கட்டத்தைப் படியுங்கள், ஏனென்றால் அந்தப் பரிமாறும் அளவு இரண்டு பிஸ்கட்டாக இருக்கும். நீங்கள் பொட்டலத்தை முடித்திருப்பீர்கள். 2024 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், பால், தானியம், மால்ட் கலந்த பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற தலைப்பின் கீழ் வைத்து விற்கக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. வீட்டில் பிள்ளைகளுக்கு அப்படி ஏதாவது வாங்கினால் அதையும் இப்படிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சர்க்கரையில்லா மாத்திரையை எடை குறைப்பதற்கான வழியாகப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்திருக்கிறது. இனிப்பின் அளவையே நாக்கு மறப்பதுதான் நிலைக்கும்.

இரவுக் கடையைப் பொறுத்தவரை, பரோட்டாவே கூடாது என்று சொன்னால் நீங்கள் என்னை விட்டுவிட்டுப் பரோட்டாவோடு போய்விடுவீர்கள். வாரத்தில் ஒருநாள் இரண்டு சாப்பிடுங்கள், சால்னாவை மேலே ஊற்றாமல் கிண்ணத்தில் வாங்கித் தொட்டுக்கொள்ளுங்கள். மற்ற இரவுகளில் பெரும்பாலான கடைகளில் இட்லியும் சாம்பாரும் கிடைக்கும், அவித்த முட்டை கேட்டால் தருவார்கள். எட்டு மணிக்கு முன்னே வண்டியை நிறுத்திச் சாப்பிட முடிந்தால் இன்னும் நல்லது. பையில் பிஸ்கட்டுக்குப் பதிலாக ஒரு பிடி வறுகடலையும் ஒரு வாழைப்பழமும் இருக்கட்டும்.

களக்காட்டு விவசாயி

வாழைப்பழம் என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் பக்கத்தில் ஏத்தன் பெரிதாக இருக்கும். ஒன்று தின்றால் ஒரு வேளைப் பசி ஆறிவிடும். எடை குறைப்பவர்கள் அதைச் சாப்பாட்டுக்குப் பின் தின்னாமல் சாப்பாட்டின் ஒரு பங்காகவே வைத்துக்கொள்ளலாம். அதைவிட வாழைத்தண்டையும் பூவையும் வாங்குங்கள். சந்தையில் தார் விலைபோன பிறகு தண்டு கேட்பாரற்றுக் கிடக்கிறது. ஆய்ந்து நறுக்குவது வேலைதான், இருந்தாலும் பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தால் எங்கள் வீட்டில் சோறு தானாகவே பாதியாகிவிடுகிறது.

மேலப்பாளையம் அக்கா

எல்லோரும் அன்றாடச் சாப்பாட்டைப் பேசுகிறீர்கள். கல்யாண வீட்டுக்கும் விருந்துக்கும் என்ன வழி? அடுத்த வாரம் எங்கள் பக்கத்து வீட்டில் மறுவீட்டுச் சாப்பாடு. சொதியும் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும் போடுவார்கள், அல்வா இல்லாமல் பந்தி நிறையாது. போகாமல் இருந்தால் மனவருத்தம் ஆகிவிடும்.

ஆற்றங்கரை உணவியலாளர்

அவசியம் போக வேண்டும், அக்கா. மாப்பிள்ளைச் சொதி ஆண்டுக்கு நாலைந்து தடவை வரும் விருந்து. தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் காயும் சேர்ந்த அந்தக் குழம்பை இலையில் மறுப்பது எனக்கும் முடியாது. முந்தைய தலைமுறையில் அது மறுவீட்டுக்கு மட்டும் என்று இருந்தது; இப்போது உணவகங்களில் வாரந்தோறும் கிடைப்பதும், நாமும் வாரந்தோறும் வாங்குவதும்தான் எடையில் தெரிகிறது. விருந்தில் ஒரு தடவை சோறு போதும் என்று இலையை மடித்துவிடுங்கள். முருங்கையும் பீன்ஸும் கேரட்டும் இருக்கிற பக்கத்தில் இருந்து அள்ளச் சொல்லுங்கள். சிப்ஸை மறுபடி கேட்காதீர்கள். அல்வா என்பது சம்பா கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும். இலையில் வைக்கிற ஒரு துண்டைச் சுவைத்துச் சாப்பிடுங்கள். கெடுதல் அந்தத் துண்டில் இல்லை, திரும்பும்போது கால் கிலோ வாங்கி வந்து குளிர்பதனப் பெட்டியில் வைத்து, போகும்போதும் வரும்போதும் விரலால் எடுப்பதில் இருக்கிறது.

விருந்துக்கு முந்திய வேளை பட்டினி கிடக்காதீர்கள். பசியோடு பந்தியில் உட்கார்ந்தால் எந்தக் கணக்கும் நிற்காது.

சமாதானபுரம் டீச்சர்

ஒன்பது வாரம் ஆயிற்று. ஞாயிறு காலை வெறும் வயிற்றில் ஒரே தராசில் ஏறிப் பார்த்து எழுதி வருகிறேன். 74-இல் இருந்து 70.4. இடுப்பு 96-இல் இருந்து 91 செ.மீ. பெண்களுக்கு 80-ஐத் தாண்டக் கூடாது என்பதால் போக வேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது. முதல் வாரம் ஒன்றரைக் கிலோ குறைந்தபோது துள்ளினேன். அதில் பெரும்பகுதி நீர் என்று பிறகு தெரிந்துகொண்டதால், ஐந்தாவது ஆறாவது வாரம் முள் அசையாதபோது பயப்படாமல் இருக்க முடிந்தது.

மாலையில் வ.உ.சி. மைதானத்தில் அரை மணி நேரம் நடக்கிறேன். நடை முடிந்ததும் வெளியே தோழிகளோடு தேநீரும் உளுந்த வடையும் என்பது முன்பு வழக்கம். அரை மணி நடையில் செலவாவது 120 முதல் 150 கலோரி வரைதான் என்று தெரிந்த பிறகு, வடையை விட்டு, தேநீரை மட்டும் சர்க்கரையைக் குறைத்து வாங்குகிறோம். மூன்று தோழிகளும் கூடவே விட்டுவிட்டார்கள்.

சென்ற மாதம் எண்ணெய் இரண்டே முக்கால் லிட்டரும் நெய் கால் கிலோவுமே ஆனது. ஆளுக்கு 23 கிராம். மகன் முதல் வாரம் பொரியல் காய்ந்துபோய் இருக்கிறது என்று முகம் சுளித்தான், பிறகு சொல்வதை நிறுத்திவிட்டான். அத்தையின் மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிட்டோம். அவர் ஒரு மாத்திரையைப் பாதியாக்கியிருக்கிறார். உழக்கு மாறவில்லை, ஆனால் மதியத்துக்கு இரண்டு உழக்கு என்பது ஒன்றேகால் ஆகியிருக்கிறது. மகாராஜநகர் உழவர் சந்தையில் புதன்கிழமையும் ஞாயிறும் காய் வாங்குகிறேன். பையின் கனம் இரட்டிப்பு.

வள்ளியூர் அம்மா

மகிழ்ச்சி, டீச்சர். எண்ணெய் அளக்க எந்தக் கரண்டி வாங்கினீர்கள்? நானும் என் வீட்டில் அளந்து பார்க்க வேண்டும்.

சமாதானபுரம் டீச்சர்

கரண்டி எதுவும் வாங்கவில்லை, அக்கா. அந்த இருமல் மருந்து மூடியேதான். அழியாத மையில் 5-க்கும் 10-க்கும் கோடு போட்டு, எண்ணெய்த் தூக்கின் கைப்பிடியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். காலையில் சமையலறைக்கு அத்தை முன்னதாக வந்தால் அவர்களே அதில் அளந்துதான் ஊற்றுகிறார்கள்.